மேஸ்திரியின் குசும்பு

கருங்கல் என்கிற ஊரில் எங்கள் பஸ் ஷெட் மேஸ்திரி யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாரோ, அந்த ஆளுக்கு ஊரில் மதிப்பு ஏறிவிட்டது என்று பொருள். என்னைப் பார்த்து அவர் ஒருதரம்கூடப் பொறாமைப்பட்டதில்லை. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கே பொறாமைக்குக் குசும்பு என்று பெயர். நான் கிழக்கே கொட்டாரம் என்ற ஊர்க்காரன். எங்கள் பக்கம் குசும்பு என்றால் சேட்டை, கேலி, ஆளைச் சீண்டிப் பார்ப்பது. மேற்கே, மலையாளம் கலந்து பேசுகிற ஊர்களில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. முதல் நாள் ஷெட்டில் இருந்த ஃபிட்டர் என் காதோரம் வந்து, "மேஸ்திரி குசும்பு பிடிச்ச ஆளாக்கும். பாத்து இருந்துக்கோ" என்றான். பெரிய தமாஷ் பேர்வழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி வாயைத் திறந்ததும் சிரித்துவிட வேண்டும் என்று தயாராக நின்றேன். அவர் எதிர் சாயாக்கடையில் புதிதாக மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தபடி வந்தார். நான் பல் முழுவதையும் காட்டினேன்.

"இவனுக்கு என்ன, பல்லு வலியா?" என்று ஃபிட்டரிடம் கேட்டுவிட்டுப் போனார்.

நல்ல கனத்த சரீரம். பஸ்ஸின் மட்கார்டில் அவர் கை ஊன்றினால் அந்தப் பக்கம் சற்றுத் தாழும். அவ்வளவு பெரிய உடம்பில் காது மட்டும் சின்னப் பெண்களின் காதுபோல இருக்கும். வெற்றிலை போடமாட்டார், பீடி பிடிக்கமாட்டார். அவருக்கு இருந்த ஒரே போதை இந்தக் குசும்புதான்.

அந்தக் குசும்புக்கு ஒரு முறை இருந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற குறையை அவர் குறையாகவே எண்ணமாட்டார். சட்டை கிழிந்திருந்தால், "கிழிஞ்சிருக்கு மக்கா, தச்சுப் போடு" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போவார். அது பொறாமை இல்லை. பொறாமை வந்துவிட்டால் மனிதருக்குப் பேச்சு நின்றுவிடும். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். ஏற இறங்கப் பார்ப்பார். சுற்றிச் சுற்றி வருவார். வேறு யாருக்கும் புலப்படாத ஒரு குறையை எங்கிருந்தாவது தோண்டி எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு சீராகும்.

அந்தச் சாயாக்கடைக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைப் பெண்டுலம், கண்ணாடிக் கதவு, மேலே மரத்தில் செதுக்கிய மயில். கருங்கல் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மேஸ்திரிக்குத் தாங்கவில்லை. அதன் எதிரேயே பெஞ்சில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயாவாகக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் துள்ளி எழுந்தார்.

"மணி அடிக்கதுக்கு முன்ன ஒரு விக்கல் இருக்கு வே! கேட்டேரா?"

சாயாக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இருந்தது. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் உள்ளே எதுவோ மெல்லத் தடுக்கி விழுந்தது. நானாக இருந்தால் கடிகாரத்தைக் கழற்றி அடித்திருப்பேன். அந்த மனிதருக்கோ வாயெல்லாம் சிரிப்பு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மேஸ்திரி விக்கல் கண்டுபிடிச்ச கிளாக்காக்கும்" என்று சொல்லிக் காட்டினார். அவர் கடையில் கூட்டம் கூடியது.

மாதா கோவிலுக்குப் புது மணி வந்தபோதும் இதே கதைதான். ஊரே கன்னத்தில் கைவைத்துக் கேட்டது. மேஸ்திரி மட்டும் இந்துவாக இருந்துகொண்டு காலை மாலை கோவில் சுவரோரம் போய் நின்றார். "நல்ல மணிதான். ஆனா அடிச்சு ஓஞ்ச பெறவு கடைசில ஒரு ஈ எரைச்சல் கெடக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பாதிரியார் ஆளை மேலே ஏற்றிப் பார்க்கச் சொன்னதில் ஒரு ஆணி ஆடிக்கொண்டிருந்ததாம். பாதிரியார் அவருக்குக் கேக் கொடுத்தனுப்பினார். கேக்கைத் தின்றுவிட்டு அதற்கும் ஒரு குறை சொன்னார்.

மாறாக, அவருக்குப் பொறாமை வராதவர்கள் பாடு இருக்கிறதே, அது பரிதாபம். கொப்பரை வியாபாரி ஒருவர் மாடி வைத்து வீடு கட்டிப் பால் காய்ச்சினார். மேஸ்திரியை வருந்தி அழைத்து, மாடிக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இவர் வயிறார உண்டுவிட்டு, "நல்ல வீடு. நல்லா இரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் வியாபாரி ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, படிக்கெட்டு பாத்தீரா? பர்மா தேக்காக்கும்."

"பாத்தேன் வே. நல்ல படி."

"ஒண்ணும் சொல்லாம போனீரே?"

"சொல்ல ஒண்ணும் இல்லியே. நல்ல வீடுதான்."

மனிதர் துவண்டுபோய்த் திரும்பினார். அவருடைய முதுகைப் பார்த்தபோது என் முதுகையே பார்ப்பதுபோல இருந்தது. நானும் அந்தக் கட்சிதான்.

நான் டைனமோ விளக்கு வைத்த சைக்கிள் வாங்கினேன். கருங்கல் ஷெட்டில் அதற்கு முன் யாரிடமும் டைனமோ கிடையாது. அவர் கண்ணில் படும்படி வாசலில் குறுக்கே நிறுத்தினேன். "நல்ல சைக்கிளு மக்கா" என்று சொல்லி, ஓரமாக எடுத்துவைத்துவிட்டு உள்ளே போனார். தலை சாயவே இல்லை. என் கல்யாணத்துக்குக் கொட்டாரம் வரை வந்தார். பந்தியில் உட்கார்ந்தார். பெண்ணைப் பார்த்தார். "நல்ல பொண்ணு, நல்ல சாப்பாடு, நல்ல ஆள்க்காரு" என்று மூன்று நல்லதைச் சொல்லி என் தலையில் கைவைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதற்கு முந்திய மாதம் ஃபிட்டர் கல்யாணத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "பாயாசத்துல தேங்காப்பால் மூணாம் பால கொஞ்சம் முந்தி ஊத்திட்டான்." அதைக் கேட்டது முதல் ஃபிட்டரை யாரும் பிடிக்க முடியவில்லை. ஸ்பேனரைக்கூட இரண்டு விரலால்தான் பிடித்தான். என் கல்யாணப் பாயாசமும் அதே சமையல்காரத் தவசுப்பிள்ளை வைத்ததுதான். எனக்கு அந்த ஃபிட்டரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கார் ஊருக்குள் வந்தது.

மலையோரத்து ரப்பர் எஸ்டேட் முதலாளியின் மகன் மதராஸில் படித்துவிட்டு, மதுரைப் பக்கம் பெண் கட்டி, ஒரு ரேஸ் காரோடு வந்து இறங்கினான். இரண்டே இருக்கை. மேலே கூரை கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும். சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்த சக்கரங்கள். நல்ல சிவப்பு. முதல்முறை எங்கள் ஷெட் வாசலில் காற்றுப் பிடிக்க நிறுத்தியபோது பஸ்ஸில் இருந்த பிரயாணிகள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். பையனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். கோவிலுக்குப் போகிற வழி.

மேஸ்திரி கையைத் துடைத்தபடி வந்தார். தலை சாய்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார். என்ஜின் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த அம்மா இவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வண்டிய எடு மோனே, போலாம்" என்று பதறினாள். கார் போய்விட்டது. மேஸ்திரி அதே இடத்தில் நின்றார்.

ஒரு குறையும் அகப்படவில்லை. அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தொடாமல் திரும்பிப் போயின. வாரம் ஒன்று அவர் பட்ட வெப்ராளம் கொஞ்சமில்லை. எவன் மேலோ ஒரு மனிதர் இப்படி உருகுகிறாரே என்று எனக்கு எரிச்சல். அந்தப் பையன் என்ன செய்தான்? அப்பன் வீட்டுச் சொத்தில் ஒரு கார் வாங்கினான். நான் டைனமோவைச் சொந்தச் சம்பளத்தில் வாங்கினேன்.

பிறகு ஒரு நாள் கார் சந்தை முக்கில் எங்கள் பக்கமாகத் திரும்பியபோது, பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. க்றீ...ச் என்று, யாரோ பலகையில் நகத்தால் இழுத்ததுபோல.

மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதுபோல ஆகிவிட்டது. "அழுவுது வே! கேட்டேரா? திரும்பும்போ அழுவுது!" என்று சாயாக்கடை வரைக்கும் ஓடினார். அன்றைக்கு எல்லோருக்கும் சாயா அவர் கணக்கு.

இடது பக்கம் திரும்பினால்தான் அந்த அழுகை. வலது பக்கம் திரும்பினால் இல்லை. நேரே போனால் இல்லை. குழியில் விழுந்தால் ஒரு முனகல் உண்டு, ஆனால் எங்கள் ரோட்டில் குழியில் விழுந்தால் முனகாத வண்டி எது? எஸ்டேட் பையன் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனான். திருநெல்வேலிக்குக் கொண்டு போனான். அங்கெல்லாம் எதை எதையோ கழற்றி மாட்டினார்கள். கார் பளபளவென்று திரும்பி வந்து, சந்தை முக்கில் திரும்பி, க்றீச் என்றது. மேஸ்திரி அந்தச் சமயத்துக்கு ஷெட் வாசலில் வந்து நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார். உடம்பு கொஞ்சம் பெருத்துக்கூடப் போனார்.

கடைசியில் வண்டி எங்களிடமே வந்தது. அவர் தொட மறுத்துவிட்டார். "சீமை வண்டி. நமக்கு எதுக்கு வே அந்த எழவு?" என்று நழுவினார். சத்தம் நின்றுவிட்டால் தன் நிம்மதியும் போய்விடும் என்ற கணக்கு எனக்குப் புரியாமலா இருந்தது?

நான் முந்திக்கொண்டேன். இவர் இவ்வளவு பொறாமைப்படுகிற வண்டியின் அழுகையை நான் நிறுத்திவிட்டால், அந்தப் பொறாமை அப்படியே என் பக்கம் திரும்பத்தானே வேண்டும்? எஸ்டேட் பையன், எங்களுக்குச் சின்ன முதலாளி, சம்மதித்தான். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கீழே நுழைந்தேன். சக்கரத்துக் கம்பிகளை இறுக்கினேன். கிரீஸ் வைக்கிற இடத்திலெல்லாம் வைத்தேன். பின் ஆக்ஸிலில் வலது பக்கமாக, மண்ணும் எண்ணெயும் அப்பி ஒரு குமிழ் இருந்தது. அது என்னவென்று தெரியவில்லை. சீமைக்காரன் காரணமில்லாமல் வைப்பானா என்று அதற்கும் கிரீஸ் வைத்தேன். எனக்கு முன்னால் பார்த்தவர்களும் வைத்திருந்தார்கள். வண்டியை இறக்கி ஓட்டினால், சந்தை முக்கில் முன்னைவிட நன்றாக அழுதது. மேஸ்திரி என் தோளில் தட்டி, "நல்லாதான் பாத்திருக்க மக்கா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சின்ன முதலாளி பெண்டாட்டியோடு வந்தான். ஒல்லியான, வெடுக்கென்று பேசுகிற பெண். ஃபிட்டர் அவளிடம் விவரம் சொன்னான்: "எடத்தோட்டு ஒடிச்சாத்தான் சத்தம் வருவு."

"ஒடிச்சா சத்தம் வராம என்ன செய்யும்? எதுக்கு ஒடிக்கிறீங்க?" என்றாள் அவள்.

ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு இங்கே ஒடிப்பது என்று பெயர், எடத்தோட்டு என்றால் இடது பக்கமாக என்று அவள் புருஷன் விளக்கினான். அவள் கலகலவென்று சிரித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "இங்க ஒரு குசும்புக்கார மேஸ்திரி இருக்காராமே, எங்க அவரு? ஊரே சொல்லுது. அவரை ஏத்திக்கிட்டுப் போய்க் காட்டுங்களேன்" என்றாள்.

ஷெட்டில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே அதுவரை யாரும் சொன்னதில்லை. ஃபிட்டர் டயருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரியின் அந்தச் சின்னக் காதுகள் சிவந்துபோயின.

"நான்தான் அது" என்றார் மெதுவாக.

"எனக்குக் குசும்புக்காரங்களை ரொம்பப் பிடிக்கும்ங்க. எங்க தாய்மாமா பெரிய குசும்பு. அவர் இல்லாத வீடு வீடாவே இருக்காது."

அவளுடைய ஊரில் அதற்கு அர்த்தம் வேறு என்று எனக்குத் தெரியும். கொட்டாரத்துக்காரன் அல்லவா. சொல்லியிருக்கலாம். ஆனால் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதனின் எந்தக் குணத்துக்காக ஊர் காதோடு காது பேசுமோ, அதே குணத்தைப் பிடிக்கும் என்று ஒரு பெண் பட்டப்பகலில் சொல்கிறாள். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"பிள்ளைக்கு எனக்க குசும்பு பிடிக்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

அவர் ஏறியதும் கார் இடது பக்கம் தாழ்ந்தது. சின்ன முதலாளி ஓட்டினான். சந்தை முக்கில் இடது பக்கம் திருப்பினான். சத்தம் வரவில்லை. சுற்றிக்கொண்டு வந்து மறுபடி திருப்பினான். வரவில்லை. வேகமாகத் திருப்பினான், மெள்ளத் திருப்பினான். கார் வாயைத் திறக்கவில்லை. இறங்கி வந்த மேஸ்திரியின் முகம் பந்தியில் இலை போடாமல் விட்ட ஆளின் முகம்.

"எனக்கு அழமாட்டேங்குது வே" என்றார். "ஊருக்கெல்லாம் அழுவுது. எனக்கு அழமாட்டேங்குது."

என் பக்கம் திரும்பினார். "நீ ஏறு மக்கா."

நான் ஏறினேன். முதல் திருப்பத்திலேயே கார் வாய்விட்டு அழுதது. வெளியில் நின்று கேட்பதற்கும் உள்ளே உட்கார்ந்து கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! என் வலது முதுகுக்குக் கீழே, பின்னால், அது தெளிவாகக் கேட்டது. திரும்பி வந்து இறங்கும்போதே, "நல்லா கேட்டுது அண்ணாச்சி. பக்கத்துல இருந்து கேட்டா தனி ருசியாக்கும்" என்றேன், வேண்டுமென்றே.

மேஸ்திரி பேசவில்லை. அவர் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

நான் அசையாமல் நின்று கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைச் சுற்றி வந்தார். கடிகாரத்தைச் சுற்றியது போல, காரைச் சுற்றியது போல, என்னைச் சுற்றி! டயருக்குப் பின்னாலிருந்து ஃபிட்டர் எட்டிப் பார்த்தான். நன்றாகப் பாரடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் எனக்கு எதிரே வந்து நின்று, பெருமூச்சு விட்டு, கேட்டார்:

"உனக்கு என்ன கனம் இருக்கும் லே?"

என் எடையைத்தான் பார்த்திருக்கிறார்.

"நான் இருந்தா வண்டி எடது பக்கம் எறங்கி இருக்கு, அழல்ல" என்று சின்ன முதலாளியிடம் விளக்க ஆரம்பித்தார். "இவன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். அப்போ அழுவுது. எடத்தோட்டு ஒடிச்சா வண்டி வலத்தோட்டு சாயும். அது சாஞ்சு எறங்கும்போ, மேல உள்ளது கீழ உள்ள எதையோ தொடுவு. நான் இருந்தா அவ்வளவு சாயாது. வலது பக்கம், பின்னால, ஆக்ஸிலுக்கு மேல பாரு மக்கா."

இவன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான். அந்த வாக்கியத்தோடு நான் காருக்கு அடியில் போனேன்.

காரின் அடித்தகட்டில், வலது பக்கம் பின்னால், புதிதாகச் சாணை பிடித்ததுபோல ஒரு கோடு மின்னியது. அதற்கு நேர்கீழே, நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு தரம் கிரீஸ் வைத்த அந்தக் குமிழ். மண்ணைச் சுரண்டினேன். உள்ளே முள்ளுவேலிக் கம்பி வந்தது. எந்தச் சீமைக்காரன் முள்ளுவேலிக் கம்பியால் கட்டுவான்? முறுக்கைப் பிரித்து இழுத்தேன். கையில் வந்தது ஒரு செம்புக் குழல், விரல் நீளம், இரண்டு முனையும் அடைத்தது, சிவப்புக் கயிறு சுற்றியது. ஏலஸ் என்று நாங்கள் சொல்லுகிற தாயத்து.

வெளியே வந்து நீட்டினேன். சின்ன முதலாளி தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா வேலை. கண்ணு படக்கூடாதுன்னு கெட்டியிருக்கா."

"யார் கண்ணு?" என்றாள் அவன் பெண்டாட்டி.

நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தோம். மேஸ்திரி மட்டும் அந்தக் குழலை என் கையிலிருந்து வாங்கினார். வேட்டியில் துடைத்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கோவிலுக்குப் போகிற வழியில் அந்த அம்மா முந்தானையை இழுத்து மூடியது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இவர் கண்ணுக்குப் பயந்து கட்டியது. அது கட்டின பிறகுதான், இவர் தேடியும் கிடைக்காத குறை அந்தக் காருக்கு வந்தது.

அவமானத்தில் ஆள் என்ன செய்வாரோ என்று பயந்தேன்.

"நல்ல செம்பு" என்றார். "எனக்காக்கும் இது! எனக்குன்னு செஞ்சது!" அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எஸ்டேட் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். "நான் சொன்னேன்ல, குசும்புக்காரர்னு" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தத் தாயத்தைக் கேட்டு வாங்கி, ஷெட் வாசல் நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். கேட்கிறவர்களிடம், "எஸ்டேட் வீட்டுல எனக்குத் தந்தது" என்பார். பெரிய உத்தியோகஸ்தர்கள் வீட்டில் மெடல் மாட்டியிருப்பார்களே, அதுமாதிரி. நான் தினமும் அதற்குக் கீழே குனிந்துதான் வேலைக்குப் போனேன். என் கண்ணுக்குப் பயந்து எந்த வீட்டிலும் ஒரு வேப்பிலையைக்கூடச் செருகியதில்லை.

கொஞ்ச நாளில் சின்ன முதலாளி எஸ்டேட்டுக்கு லாரிகள் வாங்கினான். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டும், தங்க வீடும் உண்டு என்று மேஸ்திரியைக் கேட்டான். அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அவன் போனபிறகு, ஏன் என்று நான் கேட்டேன்.

"அவன்கிட்ட சம்பளம் வாங்கிட்டா, பெறவு எப்பிடிலே அவன்மேல குசும்புபடுகது? வாங்குன கை எரியும்லா?" என்றார். பிறகு, "உன்னைத்தான் சொல்லியிருக்கேன். நீ போ. நல்ல பயல்னு சொன்னேன்" என்றார்.

பெரிய வேலை, வீடு, காக்கி உடுப்பு. ஷெட்டில் ஃபிட்டருக்கு முகம் கறுத்துவிட்டது. சாயாக்கடைக்காரர் எனக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். ஊரே என்னைப் பார்த்து வயிறெரிந்தது. நான் காத்திருந்தது ஒரே ஒரு வயிற்றுக்குத்தான்.

புறப்படுகிற அன்று காலையில், புதுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏற வந்தேன். மேஸ்திரி வழியனுப்ப நின்றுகொண்டிருந்தார். பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். வேண்டுமென்றே நிமிர்ந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நல்லா இரு என்று சொல்லப்போகிறார், தலையில் கைவைக்கப்போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

"காலரு ஒரு பக்கமா கெடக்குலே" என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. குறை! என்மேல் ஒரு குறை! பஸ் ஹார்ன் அடித்தது. நான் தாவி ஏறினேன். டிரைவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். யாருக்கும் தெரியாத ஒன்றை என்னிடம் தேடி எடுத்துவிட்டார். எங்கே எங்கே என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன்! ஷெட்டும் அவரும் கண்ணுக்கு மறைகிறவரை ஜன்னலில் தலையை நீட்டிக் கைவீசினேன். அவரும் கழுத்தோரத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டே நின்றார்.

சந்தை முக்கு தாண்டியதும் டிரைவரின் முகம் பார்க்கும் கண்ணாடியில் தற்செயலாக என்னைக் கண்டேன். காலரின் ஒரு பக்கம் காதுமடல் வரை எழுந்து நின்றிருந்தது. உள்ளே துணிக்கடைக்காரன் ஒட்டிய சீட்டு வெள்ளையாகத் தெரிந்தது. எதிர் இருக்கையில் தாயின் மடியிலிருந்த குழந்தைகூட அதைத்தான் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.